ஏலத்தில் போன ஓபோ

புதுப்பட்டினத்தில் காலையில் என்னை எழுப்பியது கடல் இல்லை, மீன்காரம்மாவின் குரல். "நெத்திலி கீது, கடம்பா கீது, வேணும்னா வா, வேணாட்டி தூங்கு!" என்று ஜன்னலுக்குக் கீழே நின்று கத்தினார். எங்கள் கோலாலம்பூர் பேரங்காடியில் மீன்கள் ஐஸ் மேல் மரியாதையாகப் படுத்திருக்கும், விற்பவரும் வாய் திறக்க மாட்டார். இங்கே வாங்காதவளுக்கும் திட்டு உண்டு. போர்வையை விலக்கிவிட்டு எழுந்து போய் நெத்திலி வாங்கினேன்.

அந்த வீடு என் தோழி கிரேஸினுடையது. கோலாலம்பூரில் ஒரே அடுக்குமாடியில் பல வருடம் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். பிறகு அவள் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். "ஒரு வாரம் கடல் காத்து வாங்கிட்டுப் போ. உன் மூஞ்சி போன்லயே வாடித் தெரியுது" என்று கூப்பிட்டாள். போனில் முகம் எப்படித் தெரியும் என்று கேட்காமல் கிளம்பிவிட்டேன்.

வாடியது உண்மைதான். நான் ஓபோ வாசிப்பவள். அதென்ன என்று கேட்காதவர்கள் குறைவு. கறுப்பு மரக் குழல், உடம்பெல்லாம் விரலால் அழுத்தும் வெள்ளிச் சாவிகள். வாயில் வைக்கும் இடத்தில், நாணல் தட்டையைத் தாள் கனத்துக்குச் சீவி இரண்டாகச் சேர்த்துக் கட்டிய ஒரு சின்ன ரீட். மலேசியாவில் ஈப்போ நகரத்துப் பள்ளிக்கூட பேண்டுக்கு ஆள் எடுத்தபோது சத்தம் பெரிதாக வருகிற வாத்தியங்களையெல்லாம் பையன்கள் அள்ளிக்கொண்டார்கள். கடைசியில் நின்ற எனக்கு, யாருக்கும் வேண்டாத இது மிஞ்சியது. அதற்குப் பிறகு உபகாரச் சம்பளம், குளிர்நாட்டில் படிப்பு, திரும்பி வந்து ஆர்கெஸ்ட்ராவில் வேலை, பிற்பகலில் மாணவர்கள், விடுமுறை நாளில் சொந்தமாக இசை எழுதுவது. மீதி நேரமெல்லாம் ரீட் சீவுவதில் போகும். என் ஆயுளில் பாதி நாணல் தூளாகத் தரையில் உதிர்ந்திருக்கிறது என்று என் மாணவி ஒருத்தி கேலி செய்வாள்.

வருகிற சனிக்கிழமை கோலாலம்பூரில் என் கச்சேரி. நானே எழுதிய பெரிய படைப்பை ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, நானே முன்னால் நின்று ஓபோ வாசிக்க வேண்டும். இருபது வருடம் கூட்டத்தில் உட்கார்ந்து வாசித்தவளுக்கு முதன்முறையாகக் கிடைத்த இடம். ஆனால் அதற்கு முடிவு வரவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். வியாழன் இரவு எனக்கு விமானம். அதற்குள் இந்தக் கடற்கரையில் முடிவு கிடைத்துவிடும் என்பது கிரேஸின் நம்பிக்கை. எனக்கு நெத்திலிதான் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கிரேஸின் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. ஊரே தன் விளைச்சலைக் கொண்டு வந்து பீடத்துப் படியில் குவித்திருந்தது. வாழைத்தார், பூசணிக்காய், கால் கட்டிய சேவல், ஊறுகாய் ஜாடி, யாரோ ஒரு மென்பொருள் பையன் வைத்த புத்தம்புதிய மிக்சி. காணிக்கை எடுக்கும்போது நான் ஒரு சின்ன மெட்டு வாசித்தேன். முடிந்ததும் குழலைத் துடைத்து, மூன்றாகக் கழற்றி, பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியைப் படி ஓரமாக வைத்துவிட்டு பிரியாணி வரிசையில் போய் நின்றேன். ஆலயத்தை விடப் பத்திரமான இடம் எது?

இந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரியாது. ஆராதனை முடிந்ததும் பீடத்துப் படியில் இருப்பதெல்லாம் வெளியே பந்தலுக்குப் போய் ஏலத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு வருடமும் யாராவது பேர் சொல்லாமல் கட்டிய பார்சல் ஒன்று வைப்பார்களாம். உள்ளே என்ன என்று தெரியாமலே அதை ஏலம் விடுவது கூட்டத்துக்குப் பெரிய குஷி. நான் எலுமிச்சை ஊறுகாயை நக்கிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கி சொன்னது காதில் விழுந்தது. "மொத ஐட்டமே பார்சல்தான்! கறுப்புப் பொட்டி, ஃபாரின் பொட்டி, உள்ள இன்னா கீதுன்னு ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்! ஒரு தரம், ரெண்டு தரம்…" மூன்றாம் தரத்துக்கு எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பெட்டியை எடுக்கப் போனபோது படியில் ஒரு பூசணி இலை மட்டும் கிடந்தது.

பாஸ்டருக்கு வியர்த்து ஊற்றியது. ஏலம் விட்டவர் மைக்கைக் கீழே வைக்காமலே "ஐயோ, ஐயோ" என்றதால் அதுவும் ஊர் முழுக்கக் கேட்டது. எடுத்தவர் பெயர் சாம்சன். சிறுசேரி ஐ.டி. பூங்காவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர். ஆராதனைக்கு வராமல், இரவு ஷிப்டை முடித்துவிட்டு ஏலத்துக்கு மட்டும் ஓடி வந்தவர். எடுத்தவுடன் போய்விட்டார். போன் போட்டதும் மாலையில் வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, பொட்டி உங்களுதுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நான் பொருத்தன பண்ணிகீறேன்."

அவர் மனைவி எஸ்தருக்கு நிறைமாதம். அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. இந்தப் பண்டிகையில் முதலில் ஏலத்துக்கு வருவது எதுவானாலும் எடுப்பேன், குழந்தை பிறக்கும்வரை அதைத் திறக்க மாட்டேன், கையை விட்டு விட மாட்டேன் என்று ஆண்டவரிடம் பேசி வைத்திருக்கிறார்.

"வருசா வருசம் மொத ஏலம் பூசணிக்காதான் வரும். அத நெனச்சுத்தான் பேசினேன். பூசணிக்காய எவன் தொறக்கப் போறான்? இப்ப இந்தப் பொட்டி வந்துகீது. நான் இன்னா பண்ண?"

"தம்பி, அதுக்குள்ள இருக்கறது என்னன்னா…" என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதீங்கக்கா!" என்று காதைப் பொத்தினார். பொத்தியதில் பெட்டி நழுவியது. நான் அலறி, அவர் முழங்காலால் தாங்கிப் பிடித்தார்.

பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏலம் செல்லாது என்று அறிவித்துவிடலாமே என்று பாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சாம்சன் தலையாட்டினார். கண் மட்டும் நிறைந்துவிட்டது. பிடுங்கிக்கொள்ள எனக்கு உரிமை இருந்தது. கோபமும் இருந்தது. ஆனாலும் கை நீளவில்லை. "வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலம் சீவுவதற்கு ரீட் இல்லை, சாதகம் செய்யக் குழல் இல்லை. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டு, பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அப்படித் தூங்கியதில்லை என்று சொல்லும்படி தூங்கினேன். காலையில் எழுந்தபோது அது எனக்கே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை கிரேஸ் ஒரு சேதி சொன்னாள். சாம்சன் பெட்டியை வேனில், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எஞ்சின் மூடி மேல் வைத்திருக்கிறாராம், கண்ணெதிரே இருக்கட்டும் என்று. ஓபோ மரம் சூட்டில் வெடிக்கும். ஒரு முடியளவு விரிசல் போதும், சனிக்கிழமை நான் மேடையேற வேண்டியதே இல்லை.

தெருமுனையில் வேனை மறித்தேன். "நானும் வர்றேன். பெட்டிய மடியில வெச்சுக்கறேன். திறக்க மாட்டேன்."

சாம்சன் யோசித்தார். "வெச்சிக்குங்க. ஆனா எறங்கறப்ப என் கையில குடுத்துடணும். சத்தியமா?"

"சத்தியமா."

என் பெட்டியை எனக்கே இரவல் வாங்கிக்கொண்டு இப்படித்தான் அந்தக் கடற்கரையைச் சுற்றிப் பார்த்தேன்.

காலை வேன் ஒரு நீளமான உறக்கம். கல்பாக்கத்தில் ஏறும் பிள்ளைகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்கள். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு ஓடும், தோப்பு விட்ட இடத்தில் கடல் எட்டிப் பார்த்துவிட்டு மறையும். மாமல்லபுரம் வரும்போது உளிச் சத்தம் கேட்கும். ஒரு பட்டறையின் தட்டல் தேய்வதற்குள் அடுத்த பட்டறையின் தட்டல் வந்து சேரும், வேன் போகிற வேகத்துக்குத் தாளமும் மாறும். கோவளத்தில் திரும்பினால் உப்பளங்கள், வெள்ளைக் குவியல்கள், நடுவே ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. கேளம்பாக்கம், படூர் தாண்டினால் சாலையை அகலப்படுத்துகிறேன் என்று தோண்டிப் போட்ட புழுதி. அதற்குள்ளிருந்து சிறுசேரியின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து வரும். மடியில் பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும். நானும் பாதி தூக்கத்தில் எது கனவு, எது சாலை என்று பிரிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பேன்.

பின் சீட்டில் ஒரு பையன் தூக்கத்திலேயே போன் பேசுவான். "மச்சான், எதுவும் தொடாதீங்கடா, நான் வந்துகினே கீறேன்." என் பக்கத்தில் உட்கார்ந்த திருநெல்வேலிப் பெண் பெட்டியைப் பார்த்து, "டிபன் பாக்ஸா மேடம்?" என்றாள். ஆமாம் என்றேன். "உங்களுக்கு ரொம்ப பசிக்கும் போல" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாலையோரக் கடையில் நாஸ்தா. இட்லி மேல் வடகறியை ஊற்றிக் குழைத்துச் சாப்பிடச் சொன்னார் சாம்சன். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கும் பருப்புக் குழம்புக்கும் ஈடு இணை இல்லை என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். வடகறிக்குப் பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

"நீங்க இன்னா வேல பாக்கறீங்கக்கா?" என்று சாம்சன் கேட்டார். பெட்டிக்குள் இருப்பதைச் சொல்லாமல் என் வேலையை எப்படிச் சொல்வது?

"சொல்லித் தர்றேன்."

"டீச்சரா! இன்னா சப்ஜெக்டு?"

யோசித்துவிட்டு, "மூச்சு" என்றேன். அது பொய் இல்லை. ஓபோவில் மூச்சு போதாமல் போகாது, மிஞ்சிப்போகும். ரீட்டின் வாய் அவ்வளவு சிறியது. காற்று வெளியே போக வழியில்லாமல் நெஞ்சில் தேங்கி நிற்கும். முதலில் பழைய மூச்சை விடு, பிறகு புதிதாக எடு என்பதுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்.

"யோகா டீச்சரு!" என்று சாம்சன் கண்டுபிடித்துவிட்டார். அதற்குள் மறுத்துச் சொல்ல நேரமில்லை. அன்று மாலை வேனில் ஏறிய எல்லோருக்கும் நான் மலேசிய யோகா டீச்சர். திருநெல்வேலிப் பெண் கழுத்து வலிக்கு ஆசனம் கேட்டாள். அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். வலி போய்விட்டது என்று மறுநாள் நன்றி சொன்னாள்.

புதன்கிழமை மாலை திரும்பும்போது வேன் காலியாக இருந்தது. மாமல்லபுரம் தாண்டிக் கடல் தெரிகிற இடத்தில் சாம்சன் ஓரமாக நிறுத்தினார். வெளிச்சம் மஞ்சளாகி, படகுகளெல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அக்கா, நாளைக்கு நீங்க பிளேன் ஏறணும். எஸ்தருதான் சொல்லிச்சு, அவங்க பொருள வெச்சுகினு நமக்கு இன்னா ஆசீர்வாதம் வரப்போவுதுன்னு. எடுத்துகினு போயிடுங்க. ஆண்டவரு புரிஞ்சுக்குவாரு." சொல்லிவிட்டு, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெட்டி என் மடியில்தான் இருந்தது. இறங்கி நடந்தால் முடிந்தது. நான் அசையாமல் இருந்தேன். அவர் அப்படித் துடைப்பதைப் பார்த்துவிட்டு எடுத்துப்போக மனம் வரவில்லை என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்குப் பயம். முடிவில்லாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேருக்கு முன்னால் போய் நிற்கப் பயம். பெட்டி என்னுடையதாக இல்லாத இந்த நாட்களில்தான் நான் நன்றாகச் சாப்பிட்டேன், சிரித்தேன், தூங்கினேன். ஓபோ போய்விட்டது என்று சொல்லிவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

"உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி" என்று பெட்டியை நீட்டினேன். அவர் அழுதார். என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்து அழுதார். அது எனக்குத் தாங்கவில்லை.

வியாழன் விடியும்போது கிரேஸின் கதவு தட்டப்பட்டது. வாசலில் வேன். உள்ளே எஸ்தர் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் அம்மா. டாக்டர் சொன்ன கணக்கெல்லாம் பொய்த்துப்போய் வலி எடுத்துவிட்டது. "யோகா டீச்சரம்மா, எதனா பண்ணுங்க, மூச்சு வுட முடியலன்றா!" என்று சாம்சன் அலறினார். நான் செருப்பில்லாமல் ஏறினேன்.

எஸ்தரை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை. இருபத்தைந்து வயது இருக்கும், பயத்தில் முகம் வெளுத்திருந்தது. மூச்சை இழுத்து இழுத்து நெஞ்சில் அடைத்து வைத்திருந்தாள். முதல் வருட மாணவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது.

"எஸ்தர், இழுக்காதம்மா. முதல்ல விடு. எல்லாத்தையும் விடு. விட்டா தானா வரும்."

"வுட்டா செத்துடுவேன்க்கா!"

"சாக மாட்ட. நான் இருபது வருசமா விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். விடு."

விட்டாள். ஒரு கையால் என் கையையும் மறு கையால் பெட்டியின் பிடியையும் பற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வரை விட்டுக்கொண்டே வந்தாள். மலைக்கு மேல் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. ஊரைத் தாண்டியதும் டயர் வெடித்தது.

சாம்சன் கீழே குதித்துத் தலையில் அடித்துக்கொண்டார். நல்லவேளை, பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. அதில் இருந்த பூக்காரம்மாக்கள் கூடைகளோடு தாங்களே இறங்கி இடம் கொடுத்தார்கள். "ஏத்துடா அண்ணாத்த, பாத்துகினு நிக்கிறான் பாரு!" என்று ஆட்டோக்காரரை ஒருவர் விரட்டினார். எஸ்தர், அவள் அம்மா, நான் மூவரும் ஏறினோம். ஆட்டோ நகர்ந்த பிறகு சாம்சன் பின்னால் ஓடி வந்தார். பெட்டியைத் தூக்கி என் மடியில் போட்டார். "அவகூடவே இருக்கட்டும்!"

செங்கல்பட்டில் அந்தச் சின்ன நர்சிங் ஹோம் வாசலில் இறங்கி, எஸ்தரை உள்ளே கொண்டுபோகும்போது பெட்டியும் கூடவே போனது. சற்று நேரத்தில் நர்ஸம்மா கதவைத் திறந்து, "இந்த டிபன் பாக்ஸ் யாருது? உள்ள வெச்சுகினு பேஜார் பண்றீங்களே" என்று என் கையில் திணித்துவிட்டுப் போனார். நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பெட்டி, என் கையில், யாரும் பார்க்கவில்லை. வாசலில் ஆட்டோக்கள் நின்றன. எழுந்திருக்கத் தோன்றவே இல்லை. எனக்கும் எஸ்தருக்கும் சேர்த்து மூச்சை விட்டுக்கொண்டிருந்தேன்.

சாம்சன் கையெல்லாம் கிரீஸோடு ஓடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அந்தச் சத்தம் வந்தது.

கச்சேரி தொடங்கும் முன் ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் அமைதியாக இருக்க, ஓபோ மட்டும் 'ஏ' என்ற ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும். அதைக் கேட்டுத்தான் மற்ற அத்தனை வாத்தியங்களும் சுருதி சேர்த்துக்கொள்ளும். இருபது வருடமாக அந்த ஒரு ஸ்வரத்தைக் கொடுப்பது என் வேலை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தவறாது. கதவுக்கு அந்தப் பக்கம் அழுத குழந்தை அந்த 'ஏ'யில் அழுதது. கொஞ்சம் இறங்கியிருந்தது. முதல் நாள்தானே, மன்னித்துவிட்டேன். என் முகம் முழுக்க நனைந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

"பொட்டப்புள்ள. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க" என்றார் நர்ஸம்மா.

சாம்சன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெட்டியை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "பொருத்தன முடிஞ்சிது. இப்ப தொறங்கக்கா."

திறந்தேன். மூன்று துண்டுகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கும் விரிசல் இல்லை. சாம்சன் எட்டிப் பார்த்தார்.

"இதுவா? நாதஸ்வரத்துல பாதிகூட இல்ல. பூசணிக்காவே தேவலாம் போலக்கீது." பிறகுதான் உறைத்தது. "அப்ப யோகா?"

வெளியே வேப்ப மரத்தடிக்குப் போய் ரீட்டை நாக்கில் நனைத்து, குழலைப் பூட்டி வாயில் வைத்தேன். நாலு நாளாகத் தொடாத கை. வழக்கப்படி 'ஏ' பிடித்தேன். ஒரே ஸ்வரம், மூச்சு முடியும் வரை. மாடி ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன.

"அவ்ளோதானாக்கா?" என்றார் சாம்சன்.

"அவ்வளவுதான். எல்லாரும் இதைக் கேட்டுத்தான் ஆரம்பிப்பாங்க."

அன்று இரவு விமானத்தில் முடிவை எழுதினேன். எழுத அதிகம் இல்லை. எல்லா வாத்தியங்களும் ஓய்ந்த பிறகு ஓபோ மட்டும் 'ஏ'யை நீட்டிப் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். ஒத்திகையில் ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர் புருவத்தை உயர்த்தினார். "இது தொடங்கும்போது கொடுக்கிற ஸ்வரம் அல்லவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். வாசித்துப் பார்த்தோம். நான் அதைப் பிடித்த மறுகணம், இரண்டாம் வரிசையில் வயலின் வாசிக்கும் பெரியவர், எத்தனையோ வருடப் பழக்கத்தில், தன்னையறியாமல் வில்லை எடுத்துச் சுருதி பார்த்தார். அவரைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர் பார்த்தார், பிறகு செல்லோக்கள், குழல்கள், மொத்தக் கூட்டமும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தப்பு புரிந்து, வில்லைக் கீழே இறக்கி மன்னிப்புக் கேட்டார்கள்.

மன்னிப்பு வேண்டாம், சனிக்கிழமையும் இப்படியே செய்யுங்கள் என்றேன்.